தொட்டித் திரையில் இரு சொற்கள்

ஆனி 2, திங்கள்

நெடுங்கரைப் பெருமக்களே! குழாயடியில் குடத்தோடு நின்று கால் கடுத்துப்போன தாய்மாரே! உழைத்து ஓய்ந்த தோள்களே! உங்கள் முன் ஒரு வழக்கோடு வந்து நிற்கிறேன். நம் தெற்குத் தெருவில் பாய் விரிக்காத வீடில்லை. பாய்தோறும் ஒரு காய்ச்சல். நாம் குடித்த நீர் இன்று நம்மைக் குடித்துக்கொண்டிருக்கிறது. கிருமி புகுந்தால் காட்டிக்கொடுக்கும் கருவி நம் தொட்டிக்குள்ளேயே தொங்குகிறது. அது கண்டது. அது சொன்னது. கேட்க வேண்டியவன் ஏன் கேட்கவில்லை?

இவ்வளவுதான் எழுத முடிந்தது. ஊரார் புதன் என்னும் அறிவன்கிழமை மாலை தேரடியில் பேச வேண்டிய உரை இது. அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்துவிட்டது. துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அடுத்த சொல் வரவில்லை. மேடை ஏறி முப்பது ஆண்டில் இப்படி நின்றதில்லை.

என் மனைவி பேச்சியம்மாள் படுத்து ஒரு கிழமைக்கு மேலாகிறது. குடற்காய்ச்சலாக இருக்கும் என்கிறார்கள். "ஊருக்கெல்லாம் பேசுத வாயி, ஒரு கஞ்சிய ஒழுங்கா காய்ச்சத் தெரியல" என்றாள், கண்ணைத் திறக்காமலே. அவளுக்குப் பெயரிலேயே பேச்சு இருக்கிறது. எனக்கு மேடையில் மட்டுந்தான்.

கருவியைப் பற்றிக் கூட்டத்தில் எளிதாய் விளக்க வேண்டும். முடியினும் மெல்லிய கண்ணாடி இழை ஒன்று தொட்டியின் வாயருகே நீரில் மூழ்கிக் கிடக்கிறது. ஒருமுனையில் ஒளி நுழைந்து மறுமுனையில் வெளிவருகிறது. இழைமேல் பூசிய பூச்சில் குடற்கிருமி மட்டுமே ஒட்டும். ஒட்டினால் உள்ளே ஓடும் ஒளி தளரும். அந்தத் தளர்ச்சியைக் கீழே நீரேற்றும் பொறி நிற்கும் இயக்கறையில் இருக்கும் பெட்டி அளந்து, திரையில் ஒரு சொல்லை எழுதும்: கிருமி உண்டெனில் நேர்மறை, இல்லையெனில் எதிர்மறை.

கருவியைச் செய்தவர் பல்கலைக்கழகத்து முனைவர் இரிசுவானா. 'ஒளியிழை உணரி' என்ற பெயர் நான் இட்டது. மாசித் திங்களில் அந்தத் திரையில் ஆங்கிலம் ஒளிர்ந்தபோது பேரூராட்சி வாயிலில் மறியல் செய்து தமிழ் பெற்றுத்தந்ததும் நானே. திறப்புவிழாவில் எனக்குப் போர்த்திய பொன்னாடையைத்தான் இப்போது பேச்சியம்மாள் குளிர்நடுக்கத்துக்குப் போர்த்திக் கிடக்கிறாள். சரிகை குத்துகிறதாம்.

ஆனி 3, செவ்வாய்

விரிப்புகளைத் துவைத்தேன். பிழியத் தெரியவில்லை, கொடியில் போட்டதும் முற்றம் முழுதும் நீர்.

மாத்திரை உறைகளின்மேல் எதை எப்போது விழுங்க வேண்டும் என்று அழகாக எழுதி வைத்திருந்தேன்: வைகறை, நண்பகல், எற்பாடு. மாலையில் எண்ணிப் பார்த்தால் மூன்றாம் உறையில் ஒன்றுகூடக் குறையவில்லை.

"ஏன் இதை விழுங்கவே இல்லை?"

"அதுல என்னமோ எழுதியிருக்கியள்ளா. எற்பாடா? எம்பாடே பெரும்பாடா இருக்கு, இதுல எற்பாடுக்கு நான் எங்க போக?"

எற்பாடு என்றால் பொழுது சாயும் வேளை என்று விளக்கினேன்.

"சாயங்காலம்னு எழுதுனா கை முறிஞ்சிருமாக்கும்."

காய்ச்சலில் இருப்பவளோடு வாதிடக்கூடாது. உறைகளை மாற்றவில்லை. நானே எடுத்துக் கொடுத்துவிட்டால் போயிற்று.

ஆனி 4, அறிவன்

தேரடியில் கால் வைக்க இடமில்லை. எங்கள் தமிழ் இயக்கத்தின் வட்டச் செயலாளர் மாசானம் கூட்டத்தைத் திரட்டியிருந்தான். பேசத் தொடங்கியதும் களைப்பு எங்கோ போய்விட்டது.

குற்றச்சாட்டுகளை அடுக்கினேன். தொட்டி இயக்குபவன் சொரிமுத்து சித்திரையில் நல்ல நீரையெல்லாம் திறந்து ஓடையில் வடித்தான், குழாய்கள் வறண்டன. வைகாசியில் தூய்மைப்படுத்தும் வெளுப்புத்தூளைத் தொடவே இல்லை. தையல் பிரியாத மூட்டைகள் இயக்கறையில் இன்னும் அப்படியே அடுக்கிக் கிடக்கின்றன. ஒரு மூட்டையை மாசானம் தோளில் தூக்கி வந்து மேடையில் போட்டான். தூள் பறந்தது. கூட்டம் கொதித்தது.

"கருவி நேர்மறை, நேர்மறை என்று அலறியும் அவன் குழாயை மூடினானா?" என்று கேட்டேன். கைதட்டல். முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ கேட்டாள். காதில் விழவில்லை.

இரவுக்குள் சொரிமுத்துவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவன் வீட்டுக் கதவில் யாரோ சாணியை அடித்திருக்கிறார்களாம். நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

ஆனி 5, வியாழன்

தொண்டை கட்டிவிட்டது. நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, குடத்தில் ஊற்றி மூடிவைத்தேன்.

ஆனி 7, காரி

காலையில் அரசு மருத்துவமனை. பேச்சியம்மாளை, ஊரார் ஆட்டோ என்னும் தானியில் ஏற்றுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

குருதி ஆய்வு செய்தவர் தாளை நீட்டி, "டைபாய்டு பாசிட்டிவ்மா" என்றார். பேச்சியம்மாள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்கு யாரும் விளக்கவில்லை. கொரோனா வந்துபோன ஊரில் அந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மருத்துவர் இளைஞர், இனிமையாகப் பேசினார். "மருந்து பாதிதாம்மா. மீதி உங்க மனசுல இருக்கு. எப்பவும் நேர்மறையா இருங்க, நேர்மறையா நினைங்க. சீக்கிரம் எந்திரிச்சிருவிய."

வெளியே வராந்தாவில் சொரிமுத்து உட்கார்ந்திருந்தான். மடியில் அவன் மகள் இசக்கி தலைசாய்த்துக் கிடந்தாள். கையில் ஊசி குத்தி மருந்துநீர் இறங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் எழ முயன்றான். மடியில் பிள்ளை இருந்ததால் முடியவில்லை, உட்கார்ந்தவாறே கும்பிட்டான்.

"அய்யா, மெசினு நல்லதுன்னுதான்யா காட்டிச்சு. நல்லதுன்னு காட்டுன அன்னிக்குத்தான் என் வீட்டுக்கே மொதக் குடத்த எடுத்துட்டுப் போனேன். இந்தா, பாருங்க" என்று பிள்ளையைக் காட்டினான்.

பொய்யன் என்று எண்ணிக்கொண்டு நடந்தேன்.

தானியில் பேச்சியம்மாள் கேட்டாள். "ஏங்க, அந்த டாக்டரு நேர்மறைன்னாரே, அது நல்லதா கெட்டதா?"

ஓட்டுநர் திரும்பிப் பார்க்காமலே விடை சொன்னார். "நல்லதுக்கா. டிவியில காலையில ஒருத்தரு வந்து அதைத்தான பேசுதாரு."

"அப்பம் நம்ம தொட்டியில..."

சாலை குண்டும் குழியுமாக இருந்தது. பேசாமல் வா, வயிறு குலுங்கும் என்றேன்.

ஆனி 8, ஞாயிறு

முனைவர் இரிசுவானா வந்திருந்தார். கருவிக்குள் நாள்தோறும் பதிவாகும் அளவுகளைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கணினிக்கு எடுத்துச் செல்பவர். இடையில் மலேசியாவில் ஏதோ மாநாடு, வரவில்லை. செய்தி கேட்டுப் பேருந்து பிடித்து ஓடிவந்திருக்கிறார். முகம் வாடிக் கிடந்தது. நாலு ஆண்டு உழைப்பு, இழை பொய்த்துவிட்டதோ என்று அஞ்சி வந்தவர்.

இயக்கறையில் மாசானமும் நானும் நின்றோம். கணினியில் கோடுகள் எழுந்து விழுந்தன. சற்று நேரத்தில் அவர் கண் கலங்கியது.

"என் இழை பொய் சொல்லல சார். சித்திரை முழுக்கத் தண்ணி சுத்தம். வைகாசி பிறந்து கொஞ்ச நாள்ல கிருமி ஏறியிருக்கு. அப்புறம் ஒவ்வொரு நாளும் கண்டுபிடிச்சிருக்கு. ஒருநாள்கூடத் தப்பல."

"அப்பம் நம்ம பயதான் கள்ளன்" என்றான் மாசானம். "அண்ணாச்சி, வெள்ளிக்கெழம பெரிய கூட்டம் போடுதோம். அவன் மேல கேசு போடணும்னு கேக்கோம். இந்தக் கோட்டைப் பெருசா பிரிண்டு எடுத்து மேடையில தொங்க விட்டுருவோம்."

அவன் போன பிறகும் இரிசுவானா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நேர்மறை என்று நீலநிறத்தில் எழுத்து நின்றது. எதிர்மறையும் அதே நீலத்தில்தான் வரும். இது முதற்கருவி, சிவப்பு விளக்கெல்லாம் அடுத்ததில் வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

"சார், சொல்லை மாத்தின பிறகு சொரிமுத்து அண்ணனுக்கு இன்னொரு தடவை பயிற்சி குடுக்கணும்னு கேட்டேனே, ஞாபகம் இருக்கா? விழாத் தேதி நெருங்கிருச்சுன்னு விட்டுட்டாங்க."

நினைவில்லை என்றேன்.

"நான்கூட 'கிருமி இருக்கு, கிருமி இல்ல'ன்னு போட்ருவோமான்னு..."

வீட்டில் அடுப்பை எரியவிட்டு வந்துவிட்டேன் என்று சொல்லிப் புறப்பட்டேன். பின்னாலிருந்து அவர் கேட்டார். "சார், கருவியப் பத்தி நீங்க எழுதின கட்டுரையில என் பேருக்கு முன்னாடி ஒரு 'இ' இருக்கே, அது எங்கிருந்து வந்துச்சு?" சிரிக்கவைக்கத்தான் கேட்டிருப்பார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அடுப்பு எரியவில்லை.

நினைவு இருக்கிறது. பேரூராட்சிக் கூடத்தில் அத்தனை பேர் முன்னிலையில் அவர் அதைச் சொன்னார். "முனைவரே, அது சந்தைக்கடைப் பேச்சு, அறிவியலுக்கு ஒரு மொழி உண்டு" என்றேன். எல்லாரும் தட்டினார்கள். அவரும் தட்டினார்.

அறிவன்கிழமைக் கூட்டத்தில் முன்வரிசைப் பெண் கேட்டதும் காதில் விழத்தான் செய்தது. "நேர்மறைன்னா நல்லதுல்லா?" என்றுதான் கேட்டாள்.

ஆனி 9, திங்கள்

துணி துவைத்தேன். இன்று கொஞ்சம் பிழிய வந்தது.

ஆனி 10, செவ்வாய்

பேச்சியம்மாள் இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. காலையில் கஞ்சியைத் தள்ளிவைத்துவிட்டு, "அந்தச் சொரிமுத்துவ ஒரு எட்டு பாத்துட்டு வாங்க" என்றாள்.

"எதற்கு?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும். நான் சொல்லணுமாக்கும்."

போனேன். கதவில் சாணி காய்ந்து, கழுவியும் போகாமல் பச்சையாய்க் கறை படிந்திருந்தது. சொரிமுத்துவின் மனைவி என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். நாற்காலி போட்டவனும் அவன்தான். அதைத் துண்டால் தட்டியவனும் அவன்தான்.

இசக்கிக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறதாம். அதைக் கேட்டு முடித்த பிறகு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. அவனே தொடங்கினான்.

"மொதல்ல ஒழுங்கா மருந்து போட்டுக்கிட்டுத்தான்யா இருந்தேன். தெனமும் எதிர்மறை, எதிர்மறைன்னே வந்துச்சு. எதிர்னா ஆகாததுல்லா? தொட்டிய வடிப்பேன். திரும்ப ஏத்துவேன். பிளீச்சிங் பவுடர இன்னுங் கொஞ்சம் கூட்டிப் போடுவேன். அப்பயும் எதிர்மறைதான். குழாயில தண்ணி வரலன்னு சனமெல்லாம் ஏசுச்சு. பொறவு மூட்டை தீந்துபோச்சு. புதுசு வர நாளாச்சு. மருந்தில்லாமத்தான் ஏத்துனேன். ரெண்டு மூணு நா கழிச்சுப் பாத்தா, நேர்மறை! என்னடா இதுன்னு பாத்தேன். சரி, இம்புட்டு நாளும் இந்த மருந்துதான் தண்ணியக் கெடுத்திருக்குன்னு நெனச்சுட்டேன். மூட்டை வந்து எறங்குச்சு. பிரிக்கவே இல்ல."

"கருவி வைத்தபோது உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையா?"

"சொன்னாவளே. அந்தம்மா, பாசிட்டிவ் வந்தா ஒடனே குழாய அடைச்சிரு, எனக்குப் போன் போடுன்னாவ. பாசிட்டிவ்னு அது வரவே இல்லையே அய்யா! வந்திருந்தா விட்டுருப்பனா? கொரோனாவுல நானே பாசிட்டிவ் ஆகிப் பள்ளிக்கூடத்துல அடைச்சுப் போட்டிருந்தாவ. அந்தச் சொல்லு எனக்குத் தெரியாதா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவனே தொடர்ந்தான்.

"நீங்க எழுதிக் குடுத்த தமிழுதானய்யா அது. நேர்னா நேரானது, நல்லதுன்னு நான் எடுத்துக்கிட்டேன். அது தப்பா?"

சினந்து கேட்கவில்லை. ஐயம் தீர்த்துக்கொள்ளக் கேட்டான். அவனுக்கு இன்னும் தெரியாது. தான் எங்கோ பிசகிவிட்டோம் என்று மட்டும் எண்ணி, எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறான். திரைக்குச் சொல் தந்தவனே வந்திருக்கிறானே, காட்டிவிட்டுப் போவான் என்று நம்புகிறான்.

அவனுக்கு என்ன விடை சொன்னேன் என்பதை எழுதவில்லை. சொன்னால்தானே எழுத.

வீடு திரும்பியதும் பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். பொன்னாடையைக் காலால் தள்ளிவிட்டு, "அந்தப் பழைய போர்வைய எடுங்க" என்றாள்.

ஆனி 11, அறிவன்

மாசானம் வந்தான். வெள்ளிக்கிழமைச் சுவரொட்டி அடித்தாயிற்றாம். அதில் எனக்குப் புதிதாய் ஒரு பட்டம் போட்டிருக்கிறான். அவனைக் கொல்லைக்கு அழைத்துப்போய் நடந்ததை முழுதும் சொன்னேன்.

கொய்யா இலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டான்.

"இதை வேற யாருகிட்ட சொன்னிய?"

"யாரிடமும் இல்லை."

"அப்பம் உங்களுக்குள்ளயே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. அவன் கான்ட்ராக்ட் பய. இங்க இல்லன்னா வேற எங்கயாவது மோட்டார் போடப் போவான். உங்களுக்கு ஒரு பழிச்சொல்லு வந்தா நம்ம இயக்கத்துக்கு வேற நாக்கு கிடையாது. நாளைக்கு எவனாவது, தமிழ்ல எழுதுனதுனாலதான் ஊரு சீக்கா விழுந்துச்சும்பான். அதுக்கு நீங்களே வாசலத் தொறந்து விடுதியளா?"

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதுதான் என்னைக் களைக்கச் செய்கிறது.

"இன்னொரு நல்ல செய்தி" என்றான் போகும்போது. ஆற்றுக்கு அக்கரை மேலத்தோப்பில் திங்கட்கிழமை இதே கருவியைத் திறக்கிறார்களாம். "சொல்லு ரெண்டும் நீங்க குடுத்ததேதான். மாத்தாம அப்படியே வச்சிருக்காவ. உங்களுக்கு மால போடணும்னு சொல்லுதாவ."

ஆனி 12, வியாழன்

மேலத்தோப்பு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். திரையிலுள்ள சொற்களை மாற்ற வேண்டும் என்றேன். அலுவலர் பதறிவிட்டார்.

"ஏன் புலவரய்யா, எழுத்துப்பிழை ஏதும் உண்டா?"

"பிழை இல்லை. ஆனால் மாற்ற வேண்டும்."

"பிழை இல்லன்னா நாங்க தொட மாட்டோம்யா. போன தடவ நெடுங்கரையில சொல்ல மாத்தணும்னு மறியலே நடந்திருக்கு. நீங்கதான நடத்துனிய? இனிமே அந்த ரெண்டு சொல்லுலயும் ஒரு புள்ளியக்கூட நாங்க அசைக்க மாட்டோம். தமிழுக்காக நாங்களும் நிப்போம்யா, பயப்படாதிய."

இரிசுவானாவைக் கூப்பிட்டேன். தானே திங்கட்கிழமை விடியற்காலையில் போய் நின்று பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். மாற்றுவது கால்மணி நேர வேலையாம். "ஆனா நீங்க கூட வரணும் சார். என் பேச்ச அங்க யாரும் கேக்க மாட்டாங்க. போன தடவையும் கேக்கல" என்றார். பழித்துச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார்.

மாலையில் பேச்சியம்மாளுக்குக் காய்ச்சல் சற்றே விட்டது. மிளகுரசம் கேட்டாள். வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு போட்டியளா, இல்ல அதுக்கும் வேற பேரு வச்சிட்டியளா?" என்றாள். படுத்த பிறகு அவள் சிரித்தது இன்றைக்குத்தான்.

மாத்திரை உறைகளை எடுத்து, எழுதியதை அடித்துவிட்டு எழுதினேன்: காலையில. மத்தியானம். சாயங்காலம். எழுதும்போது கை கூசியது. கையெழுத்தும் என்னுடையதுபோல் இல்லை.

ஆனி 14, காரி

நேற்று நடந்ததை எழுத இப்போதுதான் உட்கார முடிந்தது. உடம்பெல்லாம் வலி.

மேடைக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தேன். என்ன பேசுவதென்று அப்போதும் முடிவு செய்திருக்கவில்லை. சட்டைப்பையில் இரண்டு உரைகள் இருந்தன. ஒன்று மாசானம் எதிர்பார்த்தது. மற்றது பாதியில் நின்றது. பின்வரிசைக்கும் பின்னால், மின்கம்பத்து ஓரமாகச் சொரிமுத்து நிற்பதைப் பார்த்தேன். தன்மீது வழக்குக் கேட்கும் கூட்டத்துக்கு அவனே வந்திருந்தான்.

மாசானம் முகமெல்லாம் மலர ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, சேதி தெரியுமா? திங்கக்கெழம நாள் சரியில்லன்னு மேலத்தோப்புல இன்னிக்குக் காலையிலயே மெசினத் தொறந்துட்டாவ. தொறந்த ஒடனே நேர்மறைன்னு வந்திருச்சாம்! ஒரே கைதட்டு, வேட்டு. தலைவரு ஒரு தம்ளர் பிடிச்சு எல்லாருக்கும் முன்னால குடிச்சுக் காட்டிட்டு, குழாயத் தொறந்து விட்டுட்டாராம். அதையும் மேடையில சொல்லுங்க. அவங்க ஆளு எப்படி, நம்ம ஆளு எப்படின்னு!"

காலையில் திறந்த குழாய். அப்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரிஸ்வானாவை அழைத்துச் செய்தியைச் சொன்னேன். அவருக்கு யாரும் தெரிவிக்கவே இல்லை. பேருந்து ஏறுகிறேன், வந்து சேர மூன்று மணி நேரமாகும் என்று சொல்லும்போதே ஓடுவது கேட்டது. மேலத்தோப்பு அலுவலகத்தில் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது; விழா முடிந்து பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

பிறகு மேடை ஏறினேன்.

பேச்சின் நடுவில் ஒலிவாங்கி நின்றுவிட்டது. மாசானம் கம்பியைப் பிடுங்கினான் என்கிறார்கள், நான் பார்க்கவில்லை. ஒலிவாங்கி இல்லாமலே பேசினேன். கல் ஒன்று வந்தது, தோளில் பட்டது. "தூ, இந்தத் தமிழுக்குத்தான் மறியலா!" என்று ஒருவர் கத்தினார். முன்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். அன்றைக்கு நேர்மறை நல்லதுதானே என்று கேட்ட அதே பெண். "என் அக்கா மேலத்தோப்புலதான் வாக்கப்பட்டிருக்கா" என்று சொல்லிக்கொண்டே சேலையைச் செருகிக்கொண்டு ஓடினாள். முதல் வண்டி அவளுடையது. இரண்டாவது சொரிமுத்துவுடையது. குழாயின் திருகு எங்கே இருக்கும், எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். நான் அவன் பின்னால் ஏறிக்கொண்டேன். பாலத்தில், "கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்கய்யா, ரோடு சரியில்ல" என்றான்.

தொட்டிக் குழாயை மூடினோம். எத்தனை வீடுகளில் அதற்குள் குடித்துவிட்டார்கள் என்று இன்னும் தெரியாது. ரிஸ்வானா வந்து திரையில் இருந்த சொற்களை மாற்றினார். இக்கரைத் திரையில் இன்னும் பழைய சொற்கள்தான். பேரூராட்சி மன்றம் கூடித்தான் முடிவெடுக்குமாம். சொரிமுத்துவுக்கு வேலை திரும்பவில்லை. அதற்கும் மன்றம்தானாம். மாசானம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

பேச்சியம்மாள் கேட்டாள், "என்னதான் பேசுனிய? ஊரே வேற மாதிரி சொல்லுது." கூட்டத்தில் சொன்னதை அவளுக்கு அப்படியே மறுபடி சொன்னேன். மன்றத்தார் எப்போது கூடினாலும் படித்துக்காட்ட, இங்கேயும் எழுதி வைக்கிறேன். திருத்தவில்லை.

"நெடுங்கரைப் பெருமக்களே! இல்ல... கேளுங்க. எல்லாரும் கேளுங்க. நான் இன்னிக்கு அடுக்குமொழி பேசப் போறதில்ல, நேரமில்ல. நம்ம தொட்டியில இருந்த மெசினு பொய் சொல்லல. சொரிமுத்தும் பொய் சொல்லல. நடுவுல ரெண்டு சொல்லு இருந்துச்சு. கிருமி இருக்குங்கிறத நேர்மறைன்னு எழுதிக் குடுத்தது நான். அந்தம்மா ரிஸ்வானா எல்லாருக்கும் புரியுத மாதிரி எழுதச் சொன்னாவ. கேலி பண்ணி உக்கார வச்சதும் நான். கிருமி இருக்குங்கிறதும் தமிழுதான். அது போதாதுன்னு நெனச்சது என் கொழுப்பு. நேர்மறைன்னா நல்லதுன்னு சொரிமுத்து நெனச்சான். நீங்களும் அப்படித்தான் நெனப்பிய. என் வீட்டுல படுத்துக் கெடக்கவளும் அப்படித்தான் நெனச்சா. கல்ல எறியணும்னா பொறவு எறியுங்க, நான் இங்கதான் இருப்பேன். இப்பம் அக்கரையில அதே சொல்லு திரையில நிக்கி. அதப் பாத்துக் கைதட்டிட்டு, புள்ளைகளுக்கு ஊத்திக் குடுத்துக்கிட்டு இருக்காவ. வண்டி வச்சிருக்கவங்க எந்திரிங்க. சைக்கிள் வச்சிருக்கவங்க எந்திரிங்க. பாலத்தத் தாண்டுங்க. ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுங்க. கிருமி இருக்கு, குடிக்காதியன்னு சொல்லுங்க. குடத்தக் கவுத்துங்க. யாரும் எனக்குக் கைதட்ட வேண்டாம். போங்க. இப்பமே போங்க!"